இரைப்பை பாலிப்: கண்டறிவது முதல் எண்டோஸ்கோப்பி மூலம் அகற்றுவது வரை – முழுமையான வழிகாட்டி

எண்டோஸ்கோப்பிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்துள்ள பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், டெக்னீஷியன்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாலிப்பை (இரைப்பையின் உட்சவ்வில் முளைக்கும் சதை வளர்ச்சியை) ஸ்னேர் எனும் கம்பிச் சுருக்கில் மாட்டி அறுக்கும் அந்தச் சில நிமிடங்களைக் கற்றுக்கொள்ளவே எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள். ஆனால் புதியவர்களின் தடுமாற்றங்களில் பெரும்பகுதி, பாலிப் கண்ணில் பட்ட கணத்துக்கும் ஸ்னேரைக் கேட்கும் கணத்துக்கும் இடையில்தான் நிகழ்கிறது. இரைப்பையில் கண்ட அன்றே அறுத்தாக வேண்டிய தீங்கற்ற வளர்ச்சி மிகவும் அரிது. அது என்ன வகை, அதைச் சுற்றியுள்ள இரைப்பை எந்த நிலையில் இருக்கிறது, நோயாளி என்னென்ன மருந்துகள் எடுக்கிறார் ஆகிய மூன்றும் தெரிந்த பிறகே அறுக்கலாமா என்ற கேள்வி எழ வேண்டும். கீழேயுள்ள படிகளின் வரிசை இந்த அடிப்படையில் அமைந்தது. அகற்றும் படிகளை மூத்த மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

1. மூன்று வகைகளை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்

இரைப்பையில் நாம் காணும் பாலிப்களில் பெரும்பாலானவை ஃபண்டிக் சுரப்பி பாலிப், ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப், அடினோமா என்ற மூன்று வகைகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு என்பதால், திரையில் பார்க்கும்போதே எது என்று ஊகிக்கப் பழக வேண்டும்.

ஃபண்டிக் சுரப்பி பாலிப் இரைப்பையின் உடல்பகுதியிலும் ஃபண்டஸிலும் (மேற்பகுதி) வரும். பெரும்பாலும் 1 செ.மீ.க்கும் சிறியதாக, வழவழப்பாக, வெளிறிய, சற்றே கண்ணாடி போன்ற மேற்பரப்புடன், பல ஒன்றாகக் காணப்படும். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்களிடம் இது சாதாரணம்; ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே எத்தனை பேர் என்று யோசித்தால் இது ஏன் இவ்வளவு கண்ணில் படுகிறது என்பது விளங்கும். இவ்வகை பாலிப் உள்ளவரிடம், இரைப்பை அழற்சியை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி பெரும்பாலும் இருப்பதில்லை. மாத்திரைப் பழக்கம் இல்லாத இளவயதினரிடம் இவை ஏராளமாக இருந்தாலோ, டியோடினத்திலும் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) அடினோமா இருந்தாலோ, ஏ.பி.சி. மரபணுப் பிறழ்வால் வரும் குடும்பவழிப் பாலிப் நோயை நினைத்துப் பெருங்குடலையும் பார்க்க வேண்டும்.

ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் நாட்பட்ட அழற்சியின் விளைவு. ஹெச். பைலோரி கிருமியோ, உடலே தன் இரைப்பைச் சவ்வைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியோ பின்னணியில் இருக்கும். சிவந்து, மேற்பரப்பு அரித்து, வெண்படலம் படிந்து காணப்படுவது வழக்கம். தொட்டால் எளிதில் கசியும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையைத் தேடிப் போகும்போது இதைக் காண்பது அடிக்கடி நிகழ்கிறது. ஆன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) நீண்ட காம்புடன் வளர்ந்தது பைலோரஸ் (இரைப்பையின் வெளிவாயில்) வழியே டியோடினத்துக்குள் நழுவி, விட்டுவிட்டு வாந்தியை உண்டாக்குவதும் உண்டு.

அடினோமா எண்ணிக்கையில் குறைவு. ஆனால் புற்றுநோய்க்கு முந்தைய நிலை. பெரும்பாலும் தனியாக, சுருங்கி மெலிந்த சளிச்சவ்வின் நடுவே இருக்கும். அளவு எதுவாயினும் அகற்ற வேண்டியது இது ஒன்றே. அடினோமா வளர விட்ட அதே இரைப்பையில் வேறோரிடத்தில் தொடக்கநிலைப் புற்றுநோய் இருக்கலாம் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டுக் கருவியை உருவிவிடக் கூடாது.

2. கருவியை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

திட உணவு நிறுத்தி 6 மணி நேரமும் தெளிந்த திரவம் நிறுத்தி 2 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு: ‘காலையில் எதுவும் சாப்பிடவில்லை’ என்பவர் பால் காபி குடித்துவிட்டு வந்திருப்பார். பால் தெளிந்த திரவம் அன்று. ஆகவே ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்காமல், ‘கடைசியாக என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு’ என்று கேளுங்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கு இரைப்பை காலியாவது தாமதப்படலாம். அவர்களுக்கு முந்தைய இரவு உணவை எளிமையாக்கச் சொல்ல வேண்டும்.

மருந்துகளைப் பற்றிக் கேட்கும்போது சீட்டை மட்டும் நம்பாமல், வீட்டிலிருந்து மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, அமிலத் தடுப்பு மாத்திரை, அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக் ஆகிய மூன்றும் கட்டாயம் தெரிய வேண்டும். முதலாவது இரத்தக்கசிவைத் தீர்மானிக்கிறது, பின்னிரண்டும் ஹெச். பைலோரி சோதனையைப் பொய்யாக்குகின்றன. கிருமிச் சோதனைக்கு அமிலத் தடுப்பு மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

கல்லீரல் நோய், மஞ்சள் காமாலை, மதுப்பழக்கம், மண்ணீரல் வீக்கம் பற்றிய கேள்விகளையும் விடாதீர்கள். அவற்றின் காரணம் 4ஆம் படியில் வரும்.

3. முதலில் கழுவுங்கள், பிறகு முழு இரைப்பையையும் பாருங்கள்

சிமெத்திகோன் கலந்த நீரை முன்பே குடிக்கக் கொடுத்தால் நுரை அடங்கும். அதன் பின்னும் சளி ஒட்டியிருந்தால் வாட்டர் ஜெட்டால் கழுவி உறிஞ்ச வேண்டும். சளிக்கடியில் 5 மி.மீ. அடினோமா ஒளிந்துகொள்ளும், நுரை பாலிப்பின் மேற்பரப்பு வடிவத்தை அழித்துவிடும்.

காற்றை, வசதியிருந்தால் கார்பன் டை ஆக்சைடை, மடிப்புகள் விரியும் அளவுக்குச் செலுத்துங்கள். பெருவளைவின் (இரைப்பையின் நீண்ட வெளிவளைவு) மடிப்புகளுக்கிடையில் இருப்பவை இதைச் செய்யாததால்தான் தவறிப்போகின்றன. ஆன்ட்ரம், இன்சிசூரா (குறுகிய உள்வளைவான சிறுவளைவு மடங்குமிடம்), உடல்பகுதி, பிறகு கருவியைத் திருப்பி ஃபண்டஸ், கார்டியா (உணவுக்குழாய் சேருமிடம்) என்று ஒரே ஒழுங்கில் செல்லுங்கள். எந்த ஒழுங்கு என்பது முக்கியமன்று, ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்காக இருப்பதே முக்கியம். மேல் எண்டோஸ்கோப்பியின் முதல் பரிசோதனைக்குக் குறைந்தது 7 நிமிடம் செலவிட வேண்டும் என்பதும், குறைந்தது 10 படமாவது பதிவாக வேண்டும் என்பதும் ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் தர அளவுகோல்கள்.

முதல் பாலிப்பைக் கண்டதும் எல்லாக் கவனமும் அதன்மேல் குவிந்து, மீதி இரைப்பையைப் பார்ப்பது அரைகுறையாக முடிந்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. பாலிப்பைப் படமெடுத்துக்கொண்டு கடந்து செல்லுங்கள். முழுச் சுற்றையும் முடித்துவிட்டு அதனிடம் திரும்பி வாருங்கள்.

4. பாலிப்பை விவரியுங்கள், தொடக் கூடாததை இனங்காணுங்கள்

இடம், எண்ணிக்கை, அளவு, வடிவம், மேற்பரப்பு ஆகிய ஐந்தும் அறிக்கையில் இருக்க வேண்டும். ‘இரைப்பையில் பாலிப்’ என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த முறை யாராலும் எதையும் செய்ய முடியாது. அளவைக் கண்ணால் மட்டும் கணிக்கும்போது தவறுவது இயல்பு. உங்கள் பிரிவின் பயாப்ஸி ஃபோர்செப்ஸ் (ஆய்வுக்குத் திசுத்துண்டு எடுக்கும் இடுக்கி) வாயைத் திறந்தால் எத்தனை மி.மீ. என்பதை அறிந்து வைத்து, அதைப் பாலிப்பின் அருகில் திறந்து பிடித்து ஒப்பிடுங்கள். வடிவத்துக்குப் பாரிஸ் வகைப்பாட்டைப் பயன்படுத்தலாம்: காம்புள்ளது, காம்பின்றி மேடானது, சற்றே உயர்ந்த தட்டை, முற்றிலும் தட்டை, குழிந்தது. குழிவும் புண்ணும் தென்பட்டால் அது தீங்கற்றது என்ற எண்ணத்தையே கைவிட்டுவிட வேண்டும்.

பிறகு என்.பி.ஐ. (குறுகிய அலைவரிசை ஒளியில் பார்ப்பது) போன்ற ஒளிமுறைக்கு மாற்றி, மேற்பரப்புக் குழிகளும் நுண்குழாய்களும் ஒழுங்காக உள்ளனவா, திடீரென்று ஒழுங்கு மாறும் எல்லைக்கோடு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த எல்லைக்கோடும் ஒழுங்கற்ற குழாய்களும் சேர்ந்து தெரிந்தால், அன்று ஸ்னேரைத் தொடாமல் மூத்தவரை அழைப்பதே சரி.

இந்தப் படியில் மிக முக்கியமானது, பாலிப் போலத் தோன்றும் வேறு பொருள்களைப் பிரித்தறிவது. ஃபண்டஸிலும் கார்டியாவிலும் நீலச் சாயலுடன், மெத்தென்று, திராட்சைக் கொத்துபோல் காணப்படுபவை புடைத்த சிரைகளாக இருக்கலாம். அவற்றில் ஃபோர்செப்ஸ் வைப்பது உயிருக்கே ஆபத்து. கல்லீரல் நோய் பற்றி முதலிலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ஐயம் இருந்தால் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் சோதனை) பார்க்கும் வரை காத்திருங்கள்.

மேலேயுள்ள சளிச்சவ்வு இயல்பாக இருந்து, அடியிலிருந்து ஏதோ தள்ளுவதுபோல் தெரிந்தால் அது சளிச்சவ்வில் முளைத்த பாலிப் அன்று. மூடிய ஃபோர்செப்ஸால் அழுத்தினால் குழிந்து மீள்வது கொழுப்புக் கட்டி. ஆன்ட்ரத்தில் நடுவில் சிறு தொப்புளுடன் இருப்பது பெரும்பாலும் இடம்மாறிய கணையத் திசு. கெட்டியாக, தசையடுக்கோடு ஒட்டியிருப்பது ஜிஸ்ட் எனும் சுவர்க் கட்டியாக இருக்கலாம். அதை ஸ்னேரால் பிடித்து அறுத்தால் சுவரில் துளை விழும். இவையனைத்துக்கும் அல்ட்ராசவுண்டு முதலில், பிற எல்லாம் பிறகு.

5. பயாப்ஸி: பாலிப்பிலிருந்தும் சுற்றிலுமிருந்தும்

பாலிப்பிலிருந்து மட்டும் எடுத்தால் பாதி விடைதான் கிடைக்கும். ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பிலும் அடினோமாவிலும், எதிர்காலப் புற்றுநோய் வாய்ப்பைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள சளிச்சவ்வின் நிலைதான். ஆகவே திருத்தப்பட்ட சிட்னி முறைப்படி 5 துண்டுகள் எடுக்கவும்: ஆன்ட்ரத்தின் சிறுவளைவு, பெருவளைவு இரண்டிலும் தலா ஒன்று, இன்சிசூராவில் ஒன்று, உடல்பகுதியின் சிறுவளைவு, பெருவளைவு இரண்டிலும் தலா ஒன்று. ஆன்ட்ரத் துண்டுகளையும் உடல்பகுதித் துண்டுகளையும் தனித்தனிப் புட்டிகளில் இடுங்கள். பாலிப்பின் துண்டு மூன்றாவது புட்டியில். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டுவிட்டால், எந்த இடத்தில் சவ்வு மெலிந்திருக்கிறது என்பதை நோயியல் மருத்துவரால் சொல்லவே முடியாது.

ஒரே தோற்றமுள்ள சிறு பாலிப்கள் பல இருந்தால் பெரியவற்றிலிருந்தும், தோற்றம் மாறுபடுவதிலிருந்தும் மாதிரி எடுத்தால் போதும்.

பின்னர் முழுதாக அகற்றப்போகும் தட்டையான வளர்ச்சியில் திரும்பத் திரும்பக் கடிக்காதீர்கள். ஒவ்வொரு கடியும் ஆறும்போது அடியில் தழும்பை உண்டாக்கும். அந்தத் தழும்பு அகற்றும் நாளில் ஊசித் திரவத்தால் சவ்வு உயராமல் தடுக்கும். ஓரிரண்டு துண்டு போதும். மறுபுறம், ஃபோர்செப்ஸ் எடுத்த சிறு துண்டில் டிஸ்பிளேசியா (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) இல்லை என்று வந்தால் பாலிப் முழுவதிலும் இல்லை என்று பொருளாகாது. பெரிய ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பின் ஒரு மூலையில் மட்டும் அது இருக்கக்கூடும். பெரியவற்றை முழுதாக அகற்றச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பயாப்ஸி இரத்தக்கசிவு வாய்ப்புக் குறைந்த செயல் என்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவற்றை நிறுத்த வேண்டியதில்லை, வார்ஃபரினையும் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் அளவு) உரிய வரம்புக்குள் இருந்தால் நிறுத்த வேண்டாம்.

6. அறிக்கை வந்த பின் முடிவெடுத்தல்

ஃபண்டிக் சுரப்பி பாலிப், 1 செ.மீ.க்குக் குறைவு, டிஸ்பிளேசியா இல்லை: விட்டுவிடலாம். அமிலத் தடுப்பு மாத்திரை உண்மையிலேயே தேவைதானா என்று மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். 1 செ.மீ.க்கு மேற்பட்டதையும், புண்ணானதையும், ஆன்ட்ரத்தில் இருப்பதையும் அகற்றிச் சோதிக்கவும்.

ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்போடு ஹெச். பைலோரி இருந்தால் முதலில் கிருமியை ஒழியுங்கள். 14 நாள் மருந்து, அது முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து யூரியா மூச்சுச் சோதனையோ மல ஆன்டிஜன் சோதனையோ செய்து கிருமி போனதை உறுதிப்படுத்துதல், 3 முதல் 6 மாதத்தில் மறு எண்டோஸ்கோப்பி என்பது வரிசை. இந்த இடைவெளியில் பெரும்பாலான பாலிப்கள் சுருங்குகின்றன, பல முற்றிலும் மறைந்தும் விடுகின்றன. அவசரப்பட்டு அறுத்தவர், தானாக மறையக்கூடியதற்காக நோயாளியை இரத்தக்கசிவுக்கு ஆளாக்கினார் என்றே சொல்ல வேண்டும். கிருமி மிஞ்சியிருந்தால் அதே இடத்தில் மீண்டும் முளைக்கவும் செய்யும். இரத்தம் கசிந்து சோகையை உண்டாக்குவது, வாயிலை அடைப்பது, டிஸ்பிளேசியா உள்ளது ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். கிருமி ஒழிந்த பின்னும் 1 செ.மீ.க்கு மேல் நிற்பதை அகற்ற வேண்டும்.

அடினோமா என்றால் அகற்றுவதுதான் முடிவு. அது 2 செ.மீ.க்கு மேற்பட்டு, தட்டையாகவோ குழிந்தோ இருந்தால், ஒரே துண்டாக எடுக்கவல்ல இ.எஸ்.டி. (சளிச்சவ்வின் அடியடுக்கைப் பிரித்து எடுக்கும் எண்டோஸ்கோப்பி முறை) வசதியுள்ள மையத்துக்கு அனுப்புங்கள். துண்டுதுண்டாக எடுத்தால் ஓரங்கள் சுத்தமாக உள்ளனவா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அனுப்புவதில் வெட்கப்பட எதுவுமில்லை. அரைகுறையாக அறுத்துத் தழும்பாக்கிவிட்டு அனுப்புவதுதான் அந்த மையத்தாருக்கும் நோயாளிக்கும் பெருந்தொல்லை.

7. அகற்றும் நாளுக்கான ஆயத்தம்

இரத்தம் உறைதல் தொடர்பான மருந்துகளை இந்த முறை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். ஸ்னேர் கொண்டு அகற்றுவது இரத்தக்கசிவு வாய்ப்பு அதிகமுள்ள செயல். பொதுவான நடைமுறை இது: ஆஸ்பிரினைத் தொடரலாம், குளோபிடோக்ரல் போன்றவற்றை 7 நாள் முன்பும், வார்ஃபரினை 5 நாள் முன்பும் நிறுத்தி, ஐ.என்.ஆர். 1.5க்குக் கீழ் வந்ததைப் பார்க்க வேண்டும். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளின் கடைசி வேளை 3 நாள் முன்பு இருக்க வேண்டும், சிறுநீரகம் தளர்ந்தவர்களில் டாபிகாட்ரானுக்கு இன்னும் முன்பு. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர், செயற்கை வால்வு உள்ளவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதய மருத்துவரின் எழுத்துமூலமான கருத்தில்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். தீங்கற்ற பாலிப் சில மாதம் காத்திருக்கும், அடைபடும் ஸ்டென்ட் காத்திருக்காது.

இங்கே இரண்டு உள்ளூர்ப் பொறிகள் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை மூன்றும் ஒரே கேப்சூலில் கிடைப்பதால், ‘அந்த மாத்திரையை நிறுத்துங்கள்’ என்றால் நோயாளி ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்திவிடுவார். ஆஸ்பிரினைத் தனியாக எழுதித் தர வேண்டும். அடுத்து, வால்வு நோயாளிகள் பலர் வார்ஃபரினுக்குப் பதிலாக அசெனோகூமரால் எடுக்கிறார்கள். அதன் செயல்நேரம் குறைவு என்பதால் 5 நாள் கணக்கை அப்படியே அதற்குப் பொருத்தக் கூடாது.

ஹீமோகுளோபின், பிளேட்லெட், ஐ.என்.ஆர். பார்த்திருக்க வேண்டும். பிளேட்லெட் 50,000க்குக் கீழ் இருந்தால் ஒத்திவைப்பது நல்லது. பேஸ்மேக்கர் உண்டா என்பதும் தெரிய வேண்டும், ஏனெனில் மின்சாரம் பயன்படுத்தப் போகிறோம். ஒப்புதல் படிவத்தில் இரத்தக்கசிவு, துளை, முழுதாக எடுக்க முடியாமை, அறிக்கையில் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பு ஆகிய நான்கும் நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

கருவிகளை மேசையில் வைத்து எண்ணிப் பாருங்கள்: இரண்டு அளவு ஸ்னேர், ஊசி, அட்ரினலின் கலந்த சலைன், சாயம், குறைந்தது நான்கைந்து கிளிப், நைலான் வளையம், மீட்கும் வலை, இரத்தக்கசிவை அடைக்கும் ஃபோர்செப்ஸ். கிளிப் அலமாரியில் இருக்கிறது என்பது போதாது. கசியும்போது அலமாரியின் சாவியைத் தேட நேரமிருக்காது. ஃபார்மலின் புட்டியை ஊசி மருந்துத் தட்டிலிருந்து தள்ளி, வேறு மேசையில் வையுங்கள். சலைன் என்று நினைத்து ஃபார்மலினை ஊசியில் ஏற்றும் அபாயத்தைத் தவிர்க்க இது ஒன்றே உறுதியான வழி.

ஸ்னேரை உள்ளே விடும் முன் செவிலியர் அதைத் திறந்து மூடிப் பார்த்து, கம்பி உறையின் நுனியோடு சமமாகும் இடத்தில் கைப்பிடியில் பேனாவால் குறியிட வேண்டும். அறுக்கும்போது எவ்வளவு திசு உள்ளே சிக்கியிருக்கிறது என்பதை அந்தக் குறிதான் சொல்லும். ‘ஓபன்’, ‘க்ளோஸ்’, ‘ஸ்டாப்’ போன்ற சொற்களை இருவரும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். மின் தகட்டை முடியில்லாத, சதைப்பிடிப்பான தொடையில் முழுப்பரப்பும் ஒட்டும்படி பதிக்கவும். பாதி ஒட்டிய தகடு தோலைச் சுட்டுவிடும்.

8. அகற்றுதல்

இரைப்பைச் சுவர் பெருங்குடலைவிடத் தடிப்பானது. இரத்தக் குழாய்களும் பெரியவை. எனவே பெருங்குடலில் பழகியவர்கள் இங்கே துளையைவிட இரத்தக்கசிவுக்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

முதல் வேலை இடத்தைச் சரிசெய்வது. பெரும்பாலான கேஸ்ட்ரோஸ்கோப்புகளில் கருவிகள் திரையின் இடக்கீழ் மூலையில், ஏறத்தாழ 7 மணித் திசையில் வெளிவரும். கருவியைச் சுழற்றிப் பாலிப்பை அந்தத் திசைக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்னேரை வெளியே தள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஸ்னேரோடு மல்லாடுவதில்தான் புதியவர்களின் நேரம் வீணாகிறது. இரைப்பை அசைந்துகொண்டே இருந்தால் ஹையோசின் ஊசி உதவும். கண்ணில் குளுக்கோமா, இதயத்தில் வேகத் துடிப்பு உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவும்.

சிறியது: 5 மி.மீ.க்குட்பட்ட, அடினோமா அல்லாத பாலிப்பை ஃபோர்செப்ஸாலேயே முழுதாக எடுத்துவிடலாம். அடினோமாவாக இருந்தால் சிறியதையும் ஸ்னேரால் சுற்றிலும் சற்று நல்ல சவ்வோடு சேர்த்து எடுங்கள். மின்சாரத்தோடு கூடிய ஹாட் பயாப்ஸி ஃபோர்செப்ஸை நான் பரிந்துரைப்பதில்லை: திசு கருகி ஆய்வுக்குப் பயனற்றுப் போகிறது, சூடும் ஆழமாக இறங்குகிறது.

காம்புள்ளது: காம்பு 1 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தாலோ, தலை 2 செ.மீ.க்கு மேலிருந்தாலோ, உள்ளே பெரிய தமனி ஓடுகிறது என்று கொண்டு முன்கூட்டியே அடக்குங்கள். காம்பின் அடியில் 1:10,000 அட்ரினலின் ஊசி, அல்லது நைலான் வளையம், அல்லது கிளிப் என்று மூன்று வழிகள் உண்டு. வளையத்தை மிக இறுக்கினால் அதுவே காம்பை அறுத்துவிடும். தளர்வாக விட்டால் அறுத்த பின் நழுவிவிடும். தலை நீலம் பாய்ந்து கருத்தால் இறுக்கம் சரி. கிளிப் வைத்திருந்தால் ஸ்னேர் கம்பி அதைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளவும். தொட்டால் மின்சாரம் கிளிப் வழியே சுவருக்குள் பாய்ந்துவிடும்.

ஸ்னேரைத் தலைக்கு மேலாக மாட்டி, காம்பின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே மூடுங்கள். அடியில் கொஞ்சம் காம்பு மிஞ்சினால்தான், கசியும்போது மீண்டும் பிடித்து அழுத்தவோ கிளிப் வைக்கவோ பிடிமானம் இருக்கும். மூடிய பின் மெல்ல ஆட்டிப் பாருங்கள்: பாலிப் மட்டும் தனியே அசைய வேண்டும், சுவரும் சேர்ந்து அசைந்தால் தசை சிக்கியிருக்கிறது, தளர்த்தி மறுபடி பிடிக்கவும். பிறகு சுவரிலிருந்து சற்றே தூக்கி, தலை எதிர்ச்சுவரில் ஒரே புள்ளியில் ஒட்டாதபடி அசைத்துக்கொண்டே மின்சாரம் கொடுங்கள். ஒட்டியிருந்தால் மின்சாரம் அந்தப் புள்ளி வழியாகவும் பாய்ந்து, நீங்கள் பார்க்காத இடத்தில் சுட்டுவிடும். வெட்டும் மின்னோட்டமும் உறைவிக்கும் மின்னோட்டமும் மாறிமாறி வரும் முறையே தடித்த காம்புக்கு ஏற்றது. செவிலியர் ஸ்னேரை ஒரேயடியாக இழுத்து மூடினால் குழாய் உறையும் முன் காம்பு அறுந்துவிடும். மெதுவாக, தொடர்ச்சியாக மூட வேண்டும்.

தட்டையானது, அல்லது அகன்ற அடியுள்ளது: சளிச்சவ்வுக்கு அடியில் திரவம் செலுத்தி உயர்த்திய பிறகே பிடிக்க வேண்டும். சலைனில் சிறிது அட்ரினலினும் நீலச் சாயமும் கலப்பது வழக்கம். ஊசியைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாகக் குத்துங்கள். நாம் எளிதில் பார்க்க முடியாத மறுபுற ஓரத்திலிருந்து தொடங்குங்கள். முன்புறத்தில் முதலில் செலுத்தினால் வளர்ச்சி மறுபக்கம் சாய்ந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும். சுற்றிலும் உயர்ந்து நடுப்பகுதி மட்டும் உயராமல் நின்றால், அங்கே தழும்போ ஆழமான பரவலோ இருக்கிறது. அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு வேறு வழியை யோசிக்க வேண்டும்.

அறுத்த பின் அடித்தளத்தைக் கழுவிப் பாருங்கள். சீரான நீலம் இருந்தால் நல்லது. நீலத்தின் நடுவே வெண்ணிற வட்டம் தெரிந்தால் தசை காயப்பட்டிருக்கிறது. அறுத்த திசுவைத் தேடிப் போகும் முன்பே கிளிப்பால் மூடவும்.

9. இரத்தம் கசிந்தால்

சிறு கசிவு ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கலாம். கழுவிக்கொண்டே காத்திருங்கள், ஆனால் உறைகட்டி சேர விடாதீர்கள். கட்டிக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாமல் போகும். காம்பு மிஞ்சியிருந்தால் அதே ஸ்னேரால் பிடித்து, மின்சாரமில்லாமல் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது முதல் உதவி. அதற்குள் கிளிப்பைத் தயார் செய்யலாம். துடித்துப் பாய்ந்தால் 1:10,000 அட்ரினலின் செலுத்தி இடம் தெளிவானதும் கிளிப்பாலோ அடைக்கும் ஃபோர்செப்ஸாலோ நிரந்தரமாக மூட வேண்டும். அட்ரினலினால் நின்றுவிட்டது என்று நம்பி அதோடு முடித்துவிடாதீர்கள். அதன் விளைவு குறுகிய நேரத்துக்குத்தான்; நோயாளி வார்டுக்குப் போன பிறகு மறுபடி கசியும்.

10. திசுவை வெளியே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புதல்

இரைப்பையின் அசைவு அறுந்த பாலிப்பைச் சிறிது நேரத்தில் டியோடினத்துக்குள் தள்ளிவிடும். பிறகு அது கிடைக்காது. கசிவு இல்லையென்றால் உடனே வலையால் பிடியுங்கள். தொண்டையைக் கடக்கும்போது பாலிப் வலையிலிருந்து நழுவி மூச்சுக்குழாயில் விழும் அபாயம் உண்டு என்பதால், வலையைக் கருவியின் நுனியோடு ஒட்டி இழுத்து, இடப்பக்கம் படுத்த நிலையிலேயே, வாயில் உறிஞ்சு குழாய் தயாராக இருக்கும்போது வெளியே எடுக்க வேண்டும். பெரியதாக இருந்தால் ஓவர்டியூபை (எண்டோஸ்கோப்பின்மேல் மாட்டும் வெளிக்குழாய்) பயன்படுத்தலாம்.

தட்டையான துண்டைத் தெர்மகோல் அல்லது தக்கையின் மீது, அடிப்பக்கம் கீழிருக்கும்படி விரித்து ஊசிகளால் குத்தி, பிறகு ஃபார்மலினில் இடுங்கள். அப்படியே போட்டால் ஓரம் சுருண்டு, வெட்டு விளிம்பில் நோய் உண்டா என்பதைப் படிக்க முடியாது. 10 விழுக்காடு ஃபார்மலின், திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். சலைனில் போட்டு அனுப்பிய திசு வழியிலேயே சிதைந்துவிடும். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் புட்டியில் ஒட்டுங்கள், ஏனெனில் ஆய்வகத்தில் மூடிகள் இடம் மாறும். படிவத்தில் இடம், அளவு, வடிவம், அகற்றிய முறை, ஹெச். பைலோரி நிலை, அமிலத் தடுப்பு மாத்திரை எவ்வளவு நாளாக எடுக்கிறார் என்பவற்றையும் எழுதவும்.

11. வீட்டுக்கு அனுப்பும் முன்

தொண்டை மரப்பு நீங்கி, தண்ணீரை இருமாமல் விழுங்க முடிந்த பிறகே குடிக்கக் கொடுக்கவும். முதலில் தெளிந்த திரவம், பிறகு கஞ்சி, மறுநாள் மென்மையான உணவு என்று போவது வழக்கம். மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் இல்லாமல் அனுப்பவும் கூடாது. அறுத்த இடத்தில் உண்டாகும் புண் ஆற, அமிலத் தடுப்பு மாத்திரையை 4 முதல் 8 வாரம் எழுதித் தருகிறோம். வார்ஃபரினைப் பெரும்பாலும் அன்று மாலையே வழக்கமான அளவில் தொடங்கலாம். புதிய மருந்துகளை 2, 3 நாள் கழித்து.

தாமதமான இரத்தக்கசிவு முதல் இரண்டு நாளில்தான் அதிகம் என்றாலும் இரண்டு வாரம் வரை வரக்கூடும். கறுத்த, பிசுபிசுப்பான, நாற்றமுள்ள மலம், இரத்த வாந்தி, மயக்கம், கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே வரச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். சோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கு மலம் எப்படியும் கறுப்பாகவே போகும். அதைக் கண்டு பயந்து நள்ளிரவில் வருவோரும் உண்டு, மாத்திரையால்தான் என்று எண்ணி உண்மையான கசிவை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த இரண்டு வாரத்துக்கு இரும்பு மாத்திரையை நிறுத்திவைப்பதே குழப்பத்தைத் தவிர்க்கும்.

12. இறுதி அறிக்கையும் தொடர் கண்காணிப்பும்

அறிக்கையில் மூன்றைத் தேடுங்கள்: வகை, டிஸ்பிளேசியா உண்டா, விளிம்பு சுத்தமா. திரையில் நீங்கள் பார்த்ததும் அறிக்கையும் பொருந்தாவிட்டால் நோயியல் மருத்துவரோடு நேரில் பேசி, படங்களைக் காட்டுங்கள். 12 மி.மீ. பாலிப்பை அனுப்பி ‘இயல்பான சளிச்சவ்வு’ என்று பதில் வந்தால், தவறான துண்டு போயிருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும்.

அடினோமாவை முழுதாக எடுத்தவருக்கு ஓராண்டில் மறு எண்டோஸ்கோப்பி. விளிம்பு ஐயத்துக்குரியது, அல்லது உயர்நிலை டிஸ்பிளேசியா என்றால் அதற்கு முன்பே. டிஸ்பிளேசியா இல்லாத ஃபண்டிக் சுரப்பி பாலிப்புக்குக் கண்காணிப்பே வேண்டாம். ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பில் இடைவெளியைத் தீர்மானிப்பது பாலிப் அன்று. 5ஆம் படியில் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்த துண்டுகள் காட்டும் சவ்வு மெலிவும், இரைப்பைச் சவ்வு குடல் சவ்வுபோல் மாறும் குடல்வகை மாற்றமும்தான். எதிர்பாராமல் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது) என்று வந்தால் கேஸ்ட்ரின் (அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்), வைட்டமின் பி12 இரண்டையும் பாருங்கள். தன்னெதிர்ப்பு அழற்சியால் மெலிந்த இரைப்பையில் அவ்வகைக் கட்டிகள் தோன்றுகின்றன, அவற்றின் தொடர்சிகிச்சை வேறு.

அறிக்கையின் நகல், தேதியிட்ட படங்கள், அடுத்து எந்த மாதம் வர வேண்டும் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஓராண்டுக்குப் பிறகு அவர் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள நேர்ந்தால், தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அங்குள்ளவர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.